கீறப்பட்ட மரத்தின் நறுமணம்



மூவிராசாக்கள் திருநாளை அண்மித்த ஒரு நாளில், மறைக்கல்வி வகுப்புப் பிள்ளைகளுக்குக் காண்பிக்கவென்று ஒரு சிறு கிண்ணத்தில் சாம்பிராணி மணிகள் சிலவற்றை எடுத்துச் சென்றிருந்தேன். ஒரு சிறுமி அவற்றில் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "சுவாமி, இது என்ன கல்லு?" என்று கேட்டாள். "கல்லில்லை பிள்ளை, ஒரு மரத்தின் பிசின்" என்றேன். "மரம் ஏன் பிசின் விடுகுது?" என்பது அவளுடைய அடுத்த கேள்வி. "மரத்தைக் கத்தியால் கீறுவார்கள். அந்தக் காயத்திலிருந்து வடிந்து காய்வதுதான் இது" என்றேன். அவள் சிறிது நேரம் பேசாமல் நின்றாள். பிறகு, "அப்ப மரம் செத்துப் போகாதா சுவாமி?" என்று கேட்டாள்.

அதற்குள் மணி அடித்து வகுப்புக் கலைந்துவிட்டது. அந்தக் கேள்வி மட்டும் என்னைவிட்டுப் போகவில்லை. குழந்தை யேசுவின் பாதத்தில் ஞானிகள் வைத்த பொன், சாம்பிராணி, வெள்ளைப்போளம் என்ற மூன்று காணிக்கைகளைப் பற்றி நாம் ஆண்டுதோறும் பிரசங்கம் கேட்கிறோம். பொன் அவருடைய அரசத் தன்மைக்கும், சாம்பிராணி அவருடைய தெய்வீகத்துக்கும், வெள்ளைப்போளம் அவருடைய பாடுகளுக்கும் அடையாளம் என்று நம் முன்னோர் நமக்குக் கற்பித்திருக்கிறார்கள். அது நல்ல படிப்பினையே. ஆனால் அந்தச் சாம்பிராணி எங்கே பிறந்தது, எப்படிப் பிறந்தது என்பதை நாம் அதிகம் எண்ணிப் பார்ப்பதில்லை. இவ்வாரம் அதைச் சற்று எண்ணிப் பார்ப்போம். அந்தச் சிறுமியின் கேள்விக்கும் விடை தேடுவோம்.

பாலை நிலத்து மரம்

நாம் கடைகளில் சாம்பிராணி என்று வாங்குவது எல்லாம் ஒரே பொருள் அன்று. சுமாத்திரா முதலிய இடங்களில் வளரும் வேறொரு மரத்தின் பிசினும் அப்பெயரால் விற்கப்படுகிறது. வேதாகமம் கூறும் சாம்பிராணியோ தமிழில் குந்துருக்கம் எனப்படும் இனத்தைச் சேர்ந்தது. அதைத் தரும் மரம் அராபியாவின் தென்கரையிலும், அதற்கு எதிரே சோமாலியாவின் வடபகுதியிலும் வளர்கிறது. ஓமான் நாட்டின் தோபார் மாகாணமும், யேமனின் ஹத்ரமௌத் பகுதியும் பண்டைக் காலந்தொட்டு அதற்குப் பேர்போன இடங்கள். நம்மவர் பலர் வேலை தேடிச் சென்ற ஓமானிலேயே, சலாலா நகருக்கு வடக்கே வாடி டவ்க்கா என்னும் வறண்ட பள்ளத்தாக்கில் இம்மரங்கள் கூட்டமாக நிற்கின்றன. அந்தப் பள்ளத்தாக்கையும், சாம்பிராணி வணிகம் நடந்த பழைய துறைமுகங்களையும் 2000ஆம் ஆண்டில் யுனெஸ்கோ உலக மரபுரிமைச் சின்னமாக ஏற்றுக்கொண்டது.

இம்மரம் நிற்கும் இடத்தைக் கவனியுங்கள். தோபார் மலைகளின் கடலை நோக்கிய பக்கம் ஜூன் முதல் செப்டெம்பர் வரை வீசும் பருவக்காற்றினால் பச்சைப்பசேலென்று மாறிவிடும். அம்மலைகளைத் தாண்டி உள்நாட்டுப் பக்கம் இறங்கினால் கல்லும் மணலுந்தான். மழை நின்றுபோகும் அந்த எல்லைக்கு அப்பால், குளிர்ந்த காற்று மாத்திரம் எட்டிப் பார்க்கும் இடத்திலே இம்மரம் வேர்விடுகிறது. செழிப்பான பக்கத்தில் அல்ல, செழிப்பு முடியும் இடத்திலேயே இது வளர்கிறது.

பார்வைக்கு அதில் அழகில்லை. அடியிலிருந்தே பல கிளைகளாகப் பிரிந்து, முறுக்கேறி நிற்கும் குட்டை மரம் அது. பட்டை மெல்லிய காகிதம்போல உரிந்து தொங்கும். இலைகள் சிறியவை. சோமாலியாவில் சில மரங்கள் மண்ணே இல்லாத பாறையில் முளைத்து, அடிப்பாகம் பருத்துப் பாறையைப் பற்றிப் பிடித்துக்கொண்டு நிற்கின்றன. பயணி ஒருவன் அவ்வழியே சென்றால், விறகுக்குக்கூட உதவாத மரம் என்று எண்ணிக் கடந்து போவான். யாரும் விரும்பிப் பார்க்கத்தக்க அழகோ அமைப்போ இல்லாத துன்புறும் ஊழியனைப் பற்றி இசையாஸ் இறைவாக்கினர் எழுதிய அதிகாரம் இங்கு நம் நினைவுக்கு வருவது இயல்பே.

காயமும் மருந்தும்

அறுவடை பங்குனி, சித்திரை மாதங்களில் வெயில் ஏறும்போது தொடங்குகிறது. அறுவடை செய்பவன் தோபாரில் மன்கப் என்று அழைக்கப்படும் சிறு கத்தியினால் பட்டையில் ஓரிடத்தில் மெல்லச் சீவுவான். உடனே பால்போன்ற வெண்மையான துளிகள் அந்தக் கீறலில் அரும்பும். அராபியர் சாம்பிராணியை லுபான் என்கிறார்கள். எபிரேய வேதத்தில் அது லெபோனா. இரண்டும் வெண்மையைக் குறிக்கும் மூலத்திலிருந்து வந்த சொற்கள். அத்துளிகள் பத்துப் பதினைந்து நாள் காற்றிலும் வெயிலிலும் நின்று இறுகும். வியாபாரிகள் அவற்றைக் கண்ணீர் என்றே பெயரிட்டு அழைப்பதுண்டு.

முதற் கீறலில் வருவது நல்ல சாம்பிராணி அன்று. அதைச் சுரண்டி அகற்றிவிட்டு, அதே இடத்தில் மறுபடியும் கீறிக் காத்திருப்பார்கள். இரண்டாம் முறை வருவது சற்று மேலானது. மூன்றாம் முறைக்குப் பின் வருவதே தெளிந்த, உயர்ந்த மணமுள்ள சாம்பிராணி. ஒவ்வொரு முறைக்கும் இடையே வாரக்கணக்கில் பொறுமை வேண்டும். அவசரக்காரனுக்கு இத்தொழில் கைகூடாது.

இனி முக்கியமான ஒன்றைச் சொல்லுகிறேன். மரம் ஏன் பிசினை விடுகிறது? நம் தூபகலசத்துக்காகவா? அல்ல. அந்தப் பிசின் மரத்தின் மருந்து. பட்டை கிழிந்த இடத்தால் பூச்சியும் நோயும் உட்புகாதவாறு மரம் தன் உயிர்ச்சாரத்தைக் கொண்டுவந்து காயத்தை மூடுகிறது. நம் நாட்டில் முருங்கையிலோ வேம்பிலோ வெட்டுப்பட்ட இடத்தில் பிசின் திரண்டு நிற்பதை நீங்களே கண்டிருப்பீர்கள். ஆகவே கோயிலில் நாம் நுகரும் அந்த நறுமணம் காயத்தின் மணம் அல்ல, காயத்தை ஆற்றிய மருந்தின் மணம். கத்தியிலே மணம் இல்லை. கத்தி கீறியபோதும் உயிரைக் காக்க முனைந்த அந்த ஆற்றலிலேதான் மணம் இருக்கிறது.

சகோதரர்களே, இந்த வேறுபாட்டை மறந்துவிட்டால் சிலுவையைப் பற்றிய நம் எண்ணமே பிழைத்துவிடும். ஆண்டவர் யேசுவின் உடலில் ஆணி பாய்ந்ததனால் உலகம் மீட்கப்படவில்லை. ஆணி எத்தனையோ பேருடைய உடலில் பாய்ந்தது. அவர்மீது ஆணி பாய்ந்தபோது அங்கிருந்து வெறுப்பு வராமல் மன்னிப்பு வந்ததே, அதனாலேயே நாம் மீட்கப்பட்டோம். பிதாவாகிய இறைவன் காயத்தை நேசிப்பவர் அல்லர். காயத்திலும் வற்றிப்போகாத அன்பை நேசிப்பவர்.

இதனாலன்றோ திருச்சபை பாஸ்காத் திரியில் ஐந்து சாம்பிராணி மணிகளைச் சிலுவை வடிவாகப் பதிக்கிறது! உயிர்த்த ஆண்டவரைக் குறிக்கும் திரியில் அவருடைய ஐந்து திருக்காயங்களுக்கு அடையாளமாக வேறு எதையும் தேடாமல், கீறப்பட்ட ஒரு மரத்தின் துளிகளையே வைத்தார்கள் நம் முன்னோர். அவை அவருடைய மகிமையின் காயங்கள். தோமையார் தொட அழைக்கப்பட்ட, ஆறிய காயங்கள்.

மணல் வழியும் கடல் வழியும்

அந்தப் பிசின் பெத்லகேமுக்கு வந்து சேர்ந்த பாதை நீண்டது. ஒட்டகச் சாரிகள் அதைச் சுமந்து, அராபியப் பாலைவனத்தின் மேற்கு ஓரமாக வடக்கே பெத்திரா நகருக்கும், அங்கிருந்து மத்தியதரைக் கடலோரம் காசாவுக்கும் சென்றன. சேபா நாட்டிலிருந்து ஒட்டகங்கள் பொன்னும் சாம்பிராணியும் சுமந்து வருமென்று இசையாஸ் அறுபதாம் அதிகாரத்தில் முன்னறிவித்ததைத் திருக்காட்சித் திருநாளின் முதல் வாசகத்திலே கேட்கிறோம். அக்காலத்தவர் தம் கண்ணால் கண்ட ஒட்டகச் சாரியே அங்கே இறைவாக்காக உயர்த்தப்பட்டிருக்கிறது.

கடல் வழியும் இருந்தது. முதலாம் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட ஒரு கடற்பயணக் கைந்நூல், தென்னிந்தியக் கரையிலிருந்து திரும்பும் கப்பல்கள் காலம் பிந்திவிட்டால் தோபார்த் துறைமுகத்தில் மாரிகாலத்தைக் கழித்து, துணியும் கோதுமையும் நல்லெண்ணெயும் கொடுத்துச் சாம்பிராணி பெற்றுச் சென்றதாகக் கூறுகிறது. அத்துறைமுகம் சும்ஹுரம் என்று அறிஞர் கருதுகிறார்கள். அங்கு நடந்த அகழ்வாய்வில் 2006ஆம் ஆண்டு கிடைத்த ஒரு பானையோட்டில் கீரன் என்னும் தமிழ்ப் பெயர் தமிழ்ப் பிராமி எழுத்தில் பொறிக்கப்பட்டிருந்தது. ஞானிகளின் காணிக்கை வந்த அந்தச் சாம்பிராணிக் கரையில் நம் மொழி பேசிய ஒருவனும் நடமாடியிருக்கிறான் என்று எண்ணும்போது உள்ளம் சிலிர்க்கிறது அல்லவா?

எல்லாம் இறைவனுக்கே

பழைய ஏற்பாட்டில் சாம்பிராணிக்குத் தனியிடம் உண்டு. வேறு மூன்று வாசனைப் பொருட்களுடன் அதைச் சம அளவில் சேர்த்துத் தூபம் செய்யும்படி யாத்திராகமம் முப்பதாம் அதிகாரம் விதிக்கிறது. அதே கலவையைத் தன் சுகத்துக்காக எவனும் செய்துகொள்ளலாகாது என்றும் அங்கே கண்டிப்பான கட்டளை உண்டு. லேவியராகமம் இரண்டாம் அதிகாரத்தில், மாப்பலியின் ஒரு பிடியை மட்டும் குரு பலிபீடத்தில் எரித்துவிட்டு மற்றதைத் தமக்கென வைத்துக்கொள்ளலாம். ஆனால் அதன்மேல் இடப்பட்ட சாம்பிராணியை மாத்திரம் முழுவதும் எரித்துவிட வேண்டும். மாவில் மனிதருக்குப் பங்குண்டு, சாம்பிராணியில் பங்கில்லை. வழிபாடு இறைவனுக்கே உரியது என்பதை ஒரு பிடி பிசினைக் கொண்டு அம்மக்களுக்கு ஆண்டவர் கற்பித்தார்.

ஏழையையும் அச்சட்டம் மறக்கவில்லை. ஆடும் புறாவும் வாங்க வகையற்றவன் தன் பாவத்துக்காகச் சிறிது மாவைக் கொண்டுவந்தால் போதும், அதில் எண்ணெயோ சாம்பிராணியோ வேண்டாம் என்று லேவியராகமம் ஐந்தாம் அதிகாரம் கூறுகிறது. பாவப் பலி என்பதால் அவ்விதி உண்டாயிற்று. ஆயினும், விலையுயர்ந்த வாசனையின்றியும் ஏழையின் மனமாற்றம் இறைவன் திருமுன் ஏறும் என்ற ஆறுதலையும் நாம் அதில் காணலாம்.

இறைவாக்கினர்கள் இன்னும் வன்மையாகப் பேசினார்கள். அநீதி செய்யும் கைகளால் எழுப்பப்படும் தூபம் தமக்கு அருவருப்பு என்று இசையாஸ் வழியாகவும், சேபாவிலிருந்து வரும் சாம்பிராணி தமக்கு எதற்கு என்று எரேமியாஸ் வழியாகவும் ஆண்டவர் கேட்டார். தொலைதூரத்திலிருந்து மிகுந்த செலவில் வந்த அதே உயர்ந்த சாம்பிராணியைத்தான் ஆண்டவர் இப்படி மறுத்தார். பொருளில் பிழையில்லை, கொண்டுவந்த கைகளிலேதான் பிழை.

முதல் நூற்றாண்டுகளின் கிறிஸ்தவர்கள் இதை நன்கு அறிந்திருந்தார்கள். பேரரசனின் சிலைக்கு முன் சிறிது சாம்பிராணி இட்டால் உயிர் பிழைக்கலாம் என்று அவர்களுக்குச் சொல்லப்பட்டது. ஒரு சிட்டிகைதான். அதை இடாமல் உயிரைவிட்டோர் பலர். அச்சத்தினால் இட்டவர்களைத் திருச்சபை தனிப் பெயரிட்டு அழைத்து, நீண்ட தவத்தின் பின்பே மீண்டும் ஏற்றுக்கொண்டது. இக்காரணத்தால் தொடக்கத்தில் வழிபாட்டில் தூபத்தைத் தவிர்த்தே வந்தார்கள். நான்காம் நூற்றாண்டின் இறுதியில் எருசலேமுக்குத் திருயாத்திரை சென்ற எஜேரியா என்னும் பெண், ஆண்டவரின் கல்லறைக் கோயிலில் ஞாயிறு வழிபாட்டின்போது தூபகலசங்கள் கொண்டுவரப்பட்டு ஆலயம் முழுவதும் நறுமணம் நிறைந்ததை எழுதிவைத்திருக்கிறார். அரசனின் சிலைக்கு மறுக்கப்பட்ட சாம்பிராணி வெறுமையான கல்லறைக்கு முன் மனமுவந்து இடப்பட்டது.

கத்தி யார் கையில்?

இனி அந்தச் சிறுமியின் கேள்விக்கு வருவோம். மரம் செத்துப் போகாதா?

தோபாரில் அனுபவமுள்ளவர்கள் மரத்தின் பருமனைப் பார்த்தே கீறல்களின் எண்ணிக்கையைத் தீர்மானிப்பார்கள். ஆழமாக வெட்டமாட்டார்கள். இடையிடையே மரத்துக்கு ஓய்வு கொடுப்பார்கள். அப்படிப் பேணப்படும் மரம் தலைமுறை தலைமுறையாகப் பயன் தரும். ஆனால் விலை ஏறிய இடங்களில், அளவின்றி, ஓய்வின்றிக் கீறப்படும் மரங்களுக்கு என்ன நேருகிறது?

எத்தியோப்பியா, எரித்திரியா, சூடான் ஆகிய நாடுகளில் வளரும் ஒரு சகோதர இனமே இன்று உலகச் சந்தைக்குப் பெருமளவு சாம்பிராணியைத் தருகிறது. நம் ஆலயங்களில் எரிவதிலும் அது இருக்கக்கூடும். எரித்திரியாவில் நடத்தப்பட்டு 2006ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வில், கடுமையாகக் கீறப்பட்ட மரங்களின் விதைகளில் நூற்றுக்கு 16 வீதமே முளைத்தன. கீறப்படாத மரங்களின் விதைகளோ 80 வீதத்துக்கும் மேல் முளைத்தன. காயத்தை ஆற்றுவதிலேயே உயிர்ச்சாரம் முழுவதும் செலவானபின் விதைக்குக் கொடுக்க மரத்திடம் ஒன்றும் மிஞ்சவில்லை. 2019ஆம் ஆண்டில் வெளியான மற்றோர் ஆய்வு இன்னும் கவலை தருவது. அந்நாடுகளில் ஆராயப்பட்ட காடுகளில் நான்கில் மூன்று பங்குக்கும் மேலானவற்றில் இளமரங்களே இல்லை. காட்டுத் தீயும், மேயும் கால்நடையும், வண்டுகளும், அளவுமீறிய கீறலும் அதற்குக் காரணங்கள். இப்படியே போனால் இருபது ஆண்டுகளில் விளைச்சல் பாதியாகக் குறைந்துவிடும் என்று அவ்வாய்வாளர் எச்சரித்தார்கள்.

ஆகவே, ஆம் பிள்ளை, அளவுமீறிக் கீறினால் மரம் செத்துத்தான் போகும். நிற்கும்போதே தன் சந்ததியை இழந்து சாகும்.

அக்காலத்தில் கீறிய கைகளின் நிலையும் நன்றாக இருக்கவில்லை. மேலே கூறிய கிரேக்க நூல், அரசனின் அடிமைகளும் தண்டனை பெற்றவர்களும் சாம்பிராணி திரட்ட அனுப்பப்பட்டார்கள் என்றும், நோய் மிகுந்த அவ்விடங்களில் வேலை செய்தவர்கள் மடிந்தார்கள் என்றும் கூறுகிறது. உரோமை எழுத்தாளர் பிளினி, அலெக்சாந்திரியாவில் சாம்பிராணியைப் பதப்படுத்திய தொழிலாளர் ஒரு மணியையும் திருடாதபடி முகத்தை மூடிக்கொண்டு வேலை செய்ய வேண்டியிருந்ததையும், வீடு திரும்புமுன் உடைகளைக் களையச் செய்யப்பட்டதையும் எழுதியிருக்கிறார். பலிபீடத்தில் எழுந்த வாசனையை எல்லோரும் நுகர்ந்தார்கள். அதைத் திரட்டியவர்களின் கைகளை எவரும் எண்ணிப் பார்க்கவில்லை.

நம் வீட்டுச் சாம்பிராணி மரங்கள்

அன்பர்களே, இதைத் தூர தேசத்துச் செய்தி என்று கேட்டுவிட்டுப் போகலாமா? நம் ஒவ்வொரு குடும்பத்திலும் ஒரு சாம்பிராணி மரம் நிற்கிறது.

அதிகாலையில் அடுப்பை மூட்டி, எல்லோரும் உறங்கிய பின் விளக்கை அணைக்கும் தாய் ஒரு மரம். தங்கைமாருக்கு வழிபார்த்த பின் தன் கலியாணம் என்று சொல்லிச் சொல்லியே தலை நரைத்த மூத்த பெண் ஒரு மரம். குளிர் தேசத்தில் இரண்டு வேலை பார்த்து மாதந்தோறும் பணம் அனுப்பும் மகன் ஒரு மரம். அவன் தொலைபேசியில் பேசும்போது, "சாப்பிட்டியா தம்பி?" என்று கேட்குமுன் "எப்ப காசு போடுவாய்?" என்று நாம் கேட்டுவிடுவது இல்லையா? படுக்கையில் கிடக்கும் மாமியாரைப் பார்க்கும் மருமகள் ஒரு மரம். பங்கிலே எந்த வேலைக்கும் கூப்பிட்டால் வருவார் என்று நாம் மீண்டும் மீண்டும் கூப்பிடும் அந்த ஒரே ஆளும் ஒரு மரந்தான்.

இவர்களுடைய நறுமணம் நம் வீடுகளை நிரப்பியிருக்கிறது. நாம் அதை அனுபவிக்கிறோம். அவர்கள் களைத்துச் சற்று முகம் வாடினால் என்ன சொல்லுகிறோம்? "தியாகம் செய்ய வேண்டும்", "சிலுவையைச் சுமக்க வேண்டும்", "மாதாவைப் பார், எவ்வளவு பொறுத்தாள்" என்று பக்தியோடு உபதேசம் செய்கிறோம். கத்தியை நம் கையில் வைத்துக்கொண்டு மரத்துக்குப் பொறுமையைப் போதிக்கிறோம்.

ஆண்டவர் யேசு அப்படிச் செய்யவில்லை. அவர் தம் உயிரைத் தாமே கையளித்தார், ஒருவரும் அதை அவரிடமிருந்து பறிக்கவில்லை என்று அருளப்பர் நற்செய்தியில் அவரே கூறுகிறார். அவர் தம்மைக் கொடுத்தாரேயன்றித் தமக்காகப் பிறரைக் கொடுக்கவில்லை. பாரமான சுமைகளைப் பிறர் தோளில் கட்டிவைத்துவிட்டு ஒரு விரலாலும் தொடாதவர்களை அவர் கடுமையாகக் கண்டித்தார். களைத்துத் திரும்பிய சீடர்களையோ தனிமையான இடத்துக்கு அழைத்து, சற்று இளைப்பாறச் சொன்னார். தியாகம் என்பது நான் எனக்குச் சொல்லிக்கொள்ள வேண்டிய சொல். அடுத்தவனுக்கு நான் சொல்ல வேண்டியது, "நீ சற்று இரு, நான் செய்கிறேன்" என்பதே.

ஏழாம் நாள் மனிதனுக்கு ஓய்வு, வேலைக்காரனுக்கு ஓய்வு, மாட்டுக்கும் ஓய்வு. ஏழாம் ஆண்டு நிலத்துக்கு ஓய்வு. முற்றுகையிட்ட பட்டணத்தின் பழமரங்களைக்கூட வெட்டலாகாது என்று உபாகமம் சொல்லுகிறது. இவை நம் இறைவனின் கட்டளைகள். மரத்துக்கும் மண்ணுக்கும் இளைப்பாறுதலை நியமித்தவர், உன் தாய்க்கும் உன் அக்காவுக்கும் உன் அண்ணனுக்கும் அதை மறுப்பாரா?

இப்போது கீறப்பட்டு நிற்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இதை வாசிக்கும் உங்களில் சிலர் இந்த நிமிடமே அடுக்களையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தவர்களாக இருக்கலாம். உங்கள் ஒரு துளியும் வீணாகவில்லை. கண்ணீரைத் தோற்பையில் சேர்த்து வைக்கும் இறைவனைச் சங்கீத ஆசிரியர் அறிந்திருந்தார். புனிதர்களின் மன்றாட்டுகளோடு சேர்ந்து தூபப் புகை இறைவன் திருமுன் எழுவதாகத் திருவெளிப்பாட்டில் படிக்கிறோம். ஒருவரும் நன்றி சொல்லாத உங்கள் உழைப்பும் அந்தப் புகையோடு ஏறுகிறது. ஆனால், "எனக்குக் களைப்பாயிருக்கிறது, கொஞ்சம் உதவி செய்யுங்கள்" என்று வாய் திறந்து சொல்வது பாவம் அல்ல. கெத்சமனித் தோட்டத்தில் ஆண்டவரே தம் துயரத்தைச் சீடரிடம் மறைக்காமல் சொல்லி, தம்மோடு விழித்திருக்கும்படி கேட்டார். சாம்பிராணி மரம் தன் காயத்தை மூடிக்கொள்வதும் இறைவன் அதற்குக் கொடுத்த வரமே. அந்த வரம் இல்லாவிட்டால் மணமே இல்லை.

தூபம் எழும்போது

வரும் திருநாளில் சிரட்டைக் கரி தணலாகி, குருவானவர் அதில் சாம்பிராணியை இட்டுச் சிலுவை அடையாளம் வரைவார். திருச்சபையின் ஒழுங்கை உற்றுப் பாருங்கள். திருச்சிலுவைக்கும் பீடத்துக்கும் காணிக்கைகளுக்கும் தூபம் காட்டியபின், குருவுக்கும் பிறகு மக்களாகிய உங்களுக்கும் தூபம் காட்டப்படுகிறது. நாம் இறந்தபின் நமது பிரேதப் பெட்டிக்கும் அது காட்டப்படும். இந்த உடல் பரிசுத்த ஆவியின் ஆலயம் என்று சின்னப்பர் கற்பித்ததற்காகவே அவ்வணக்கம்.

அப்படியானால், உங்கள் பக்கத்தில் முழந்தாளிட்டிருக்கும் அந்தத் தாயும் அந்த மூத்த பெண்ணும் தூபம் பெறும் ஆலயங்கள் அல்லவா? கோயிலில் தூபம் காட்டி வணங்கிய ஒருத்தியை வீட்டுக்குப் போனதும் மீண்டும் கீறத் தொடங்கலாமா?

ஆகவே, ஞானிகளைப்போல நாமும் இவ்வாண்டு ஒரு காணிக்கையோடு வருவோம். உங்கள் வீட்டில் அதிகம் கீறப்பட்டவர் யார் என்று குடும்பமாக அமர்ந்து கண்டுகொள்ளுங்கள். வாரத்தில் ஒரு நாளாவது அவருடைய வேலையை மற்றவர்கள் பங்கிட்டுச் செய்யுங்கள். தூர தேசத்துப் பிள்ளைக்குப் பணத்தைப் பற்றி ஒரு சொல்லும் பேசாமல் ஒருமுறை தொலைபேசி எடுங்கள். தள்ளிப்போன கலியாணப் பேச்சை இனியும் தள்ளிப்போடாதீர்கள். அவர் கேட்குமுன் நன்றி சொல்லுங்கள். சேபா நாட்டுச் சாம்பிராணியை மறுத்த ஆண்டவர் இந்தக் காணிக்கையை மறுக்கமாட்டார்.

அந்தச் சிறுமியை மறுபடி காணும்போது நான் சொல்லப்போகும் பதில் இதுதான்: "அளவோடு கீறி, ஆற விட்டால் மரம் சாகாது பிள்ளை. ஆற விடுவது நம்முடைய கடமை."

எங்களுக்காகக் காயப்பட்ட ஆண்டவரே, எங்களால் காயப்பட்டவர்களை ஆற்றியருளும். எங்கள் கைகளிலுள்ள கத்தியைக் கீழே வைக்கும் அருளை எங்களுக்குத் தந்தருளும். எங்கள் இல்லங்களில் உமது அன்பின் நறுமணம் என்றும் கமழ்வதாக. ஆமென்.